எதிர்நின்றும் உடன்நின்றும்: டி. எஸ். பாலையாவின் கலைவாழ்வு

செஞ்சிக் கோட்டையின் நிழலில் வளர்ந்தோர்க்குத் தேசிங்கு ராசன் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையை எதிர்த்துச் சிறுபடையுடன் புறப்பட்டு, இருபத்திரண்டு வயதிலேயே களத்தில் வீழ்ந்த அவ்விளைஞனை நம் பகுதிக் கதைப்பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்துள்ளனர். ஆயின் அப்பாடலைக் கேட்போர் கண்கலங்குமிடம் தேசிங்கு மடியும் இடம் மட்டுமன்று. மணக்கோலத்தில் இருந்தவன், நண்பன் போருக்கு அழைத்தான் என்றதும் பந்தலை விட்டெழுந்து வந்து அவனுக்கு முன்னரே உயிர்நீத்த மகபத்கானின் முடிவும் அவ்வாறே நெஞ்சை உருக்குவதாகும். நீலாம்பூண்டியில் அவன் அடக்கத்தலத்தை இன்றும் மக்கள் காட்டுகின்றனர். தேசிங்கின் வீரத்தை அளக்கும் கோலாக மகபத்கான் நிற்கிறான். அவனை நீக்கிவிட்டால் அக்கதையில் எஞ்சுவது, கப்பம் கட்ட மறுத்து மடிந்த ஒரு சிற்றரசனின் வரலாறு மட்டுமே.

செஞ்சி வட்டாரத்துக்கு மற்றுமொரு பழக்கமும் உண்டு. மேலச்சேரி முதலிய ஊர்களின் திரௌபதியம்மன் விழாக்களில் விடிய விடிய நடைபெறும் பாரதக் கூத்தைப் பார்த்துத் தேர்ந்த கண்கள் இவ்வட்டாரத்துக் கண்கள். துகிலுரிதல் நடக்கும் இரவில் துச்சாதனன் வேடம் கட்டுபவர் வல்லவராக இல்லையெனின், திரௌபதி எத்துணை உருக்கமாகப் பாடினும் கூத்து எடுபடாது என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் நன்கறிவர். பதினெட்டாம் போரில் துரியோதனன் வேடத்துக்கே முதிர்ந்த கலைஞரைத் தேடுவர். எதிர்நிற்பவரும் உடன்நிற்பவருமே நாயகனை நிறுத்துகின்றனர் என்னும் இவ்வறிவு நமக்கு மண்ணோடு வந்தது. அவ்வறிவைத் துணைக்கொண்டு, தமிழ் நாடக மேடையிலும் திரையிலும் நாற்பதாண்டுக் காலத்தை நெருங்கி உழைத்த ஒரு குணச்சித்திர நடிகரின் வாழ்வை ஈண்டு நோக்குவோம். அவர்தாம் டி. எஸ். பாலையா.

நாடகம் என்னும் பள்ளி

திருநெல்வேலி சுப்பிரமணியம் பாலையா 1914ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் நெல்லைச் சீமையில் பிறந்தார். அவர் பிறந்த காலம் தமிழ் நாடகத்தில் சிறுவர் குழுக்கள் ஓங்கியிருந்த காலமாகும். சங்கரதாசு சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தோற்றுவித்தார். 1925இல் டி. கே. எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை எழுந்தது. பாய்ஸ் கம்பெனி எனப் பொதுமக்கள் வழங்கிய இக்குழுக்களில் சிறுவர்கள் குழுவோடு உண்டு, குழுவோடு உறங்கி, ஊர் ஊராகச் சுற்றினர். பிள்ளைப் பருவத்தை இழந்து அவர்கள் பெற்ற கல்வி அது. வறுமையே பெரும்பாலோரை அங்கு அனுப்பியது என்பதையும் மறத்தற்கில்லை.

ஒலிபெருக்கி பரவாத காலம். கொட்டகையின் கடைசிப் பாயில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். வல்லினமும் மெல்லினமும் பிசகினால் வாத்தியார் பொறுத்துக்கொள்ள மாட்டார். இன்று பாலையாவின் பழைய படமொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒரு சொல்லும் தவறாமல் காதில் விழுவதற்குக் காரணம் அந்த மேடைப் பயிற்சியே. தமிழ் பயிலும் மாணவர்கள் உச்சரிப்புப் பாடமாக அவர் படங்களைக் கேட்கலாம் என்பது என் கருத்து.

அவருடைய கலைவாழ்வில் குறிப்பிடத்தக்க பெரியவர் எம். கந்தசாமி முதலியார். புராண நாடகங்களே ஆட்சி செலுத்திய மேடையில் ஜே. ஆர். ரங்கராஜுவின் புதினங்களான இராஜாம்பாள், சந்திரகாந்தா முதலியவற்றை நாடகமாக்கிச் சமூக நாடகத்துக்கு வழிவகுத்தவர் அவர். அரசனாகவும் அசுரனாகவும் முழங்கப் பழகிய நடிகர்களை, சட்டையும் கோட்டும் அணிந்து வீட்டுக் கூடத்தில் பேசுவது போலப் பேசவைத்தார். பாலையாவின் நடிப்பில் பிற்காலத்தில் நாம் காணும் இயல்பான பேச்சுநடைக்கு வித்து இங்கே இடப்பட்டது எனலாம்.

வஞ்சகனாக ஒரு தொடக்கம்

கந்தசாமி முதலியாரின் மைந்தர் எம். கே. ராதா நாயகனாக நடித்த சதி லீலாவதி 1936இல் வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். ஒரே படத்தில் எம். ஜி. இராமச்சந்திரன், எம். கே. ராதா, டி. எஸ். பாலையா ஆகிய மூவரும் திரைக்கு அறிமுகமாயினர் என்பது தமிழ்த் திரை வரலாற்றில் ஓர் அரிய நிகழ்வு. எம். ஜி. ஆருக்குக் கிடைத்தது சிறியதொரு காவல் ஆய்வாளர் வேடம். பாலையாவுக்கோ கதையை நடத்திச் செல்லும் வஞ்சகன் இராமநாதன் வேடம். நல்ல குடும்பத்தவனான நாயகனுக்கு மதுவைப் பழக்கி, அவன் மனத்தில் மனைவியின்மீது ஐயத்தை விதைத்து, இறுதியில் அவனை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிப்போகும் கதிக்கு ஆளாக்கும் தீய நண்பன் அவன். மதுவின் கேட்டைச் சொல்லவந்த படத்தில், அக்கேடு எத்துணை இனிமையாகப் பேசிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறது என்பதைக் காட்டும் பொறுப்பு இருபத்திரண்டு வயதும் நிரம்பாத பாலையாவின் தோளில் விழுந்தது.

அடுத்த ஆண்டே அம்பிகாபதி. டங்கன் இயக்கம், இளங்கோவன் உரையாடல், எம். கே. தியாகராஜ பாகவதர் நாயகர். செருகளத்தூர் சாமா கம்பராகத் தோன்றிய அப்படத்தில் பாலையா ஏற்ற வேடம் உருத்திரசேனன். அவருக்கும் பாகவதருக்கும் நிகழும் வாட்போர் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. பாகவதர் இசைவாணர்; வாள்வீச்சு அவர்க்குரிய துறை அன்று. அவர் வீரராகத் தோன்ற வேண்டுமாயின், எதிர்நிற்பவன் உண்மையில் அஞ்சத்தக்கவனாக இருத்தல் வேண்டும். அவ்வச்சத்தை வழங்கியவர் பாலையா. கூத்து மேடையில் துச்சாதனன் செய்யும் பணி இதுவே.

1942இல் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தைத் தழுவி மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த மனோன்மணியில், பி. யு. சின்னப்பா நாயகராக விளங்க, பாலையாவும் இடம்பெற்றார். 1947இல் ஜூபிடர் நிறுவனத்தின் இராஜகுமாரி. சதி லீலாவதியில் உடன் அறிமுகமான எம். ஜி. ஆர். பதினோராண்டுக் காத்திருப்பின் பின் முதன்முறையாக நாயகரானது இப்படத்தில்தான். அவருக்கு எதிர்நிற்க அழைக்கப்பட்டவரும் பாலையாவே. மறு ஆண்டு வெளிவந்த மோகினியில் மாதுரி தேவிக்கு இணையாக அவரே முதன்மை வேடம் தாங்கினார், எம். ஜி. ஆர். உடன் நடித்தார். நாயகனாக நிலைபெற அவருக்கு வாயில் திறக்காமல் இல்லை. எனினும் அவ்வாயிலில் அவர் நெடுநேரம் நிற்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 1944இன் இறுதியில் பாகவதர் சிறை புகுந்தார். 1947இல் விடுதலை பெற்றும் பழைய இடத்தை அவர் மீண்டும் பிடிக்கவில்லை. சின்னப்பா 1951இல் மறைந்தார். பாட்டால் ஆண்ட நாயகர்களின் காலம் அத்துடன் முடிந்தது. வசனத்தின் காலம் தொடங்கியது. நாயகர்கள் காலத்தோடு வந்து காலத்தோடு சென்றனர். அவர்களுக்கு எதிர்நின்றவரோ அடுத்த காலத்துக்குள்ளும் தடையின்றி நடந்து சென்றார். அவர் நம்பி வந்த மூலதனம் பாட்டன்று, பேச்சு.

மணி என்னும் நண்பன்

அறிஞர் அண்ணா கதை வசனம் எழுத, ஏ. எஸ். ஏ. சாமி இயக்கத்தில் 1949இல் வெளிவந்த வேலைக்காரி, திரைப்பட உரையாடலின் போக்கையே மாற்றிய படம். கடன் கொடுத்த செல்வரின் கொடுமையால் தந்தை தூக்கிட்டு மாண்டதைக் காணும் ஆனந்தன், பழிவாங்கக் கத்தியை எடுக்கிறான். கே. ஆர். இராமசாமி ஏற்ற அவ்வேடம் முழுதும் கொதிப்பு. அக்கொதிப்பைத் தடுத்து, கத்தியை விட அறிவே வலிய கருவி எனக் காட்டி வழிநடத்தும் நண்பன் மணி. வஞ்சகனாகவே மக்கள் அறிந்திருந்த பாலையாவுக்கு இவ்வேடத்தை அளித்தனர்.

அதுவரை அவர் முகத்தைக் கண்டாலே சூது வரப்போகிறது என எதிர்பார்த்துப் பழகியவர்கள் கொட்டகையில் இருந்தோர். அதே முகம், அதே குரல் இப்போது நாயகனின் மனச்சான்றாக மாறுகிறது. பாலையா இதற்கெனத் தம் நடிப்பைத் தலைகீழாகப் புரட்டிவிடவில்லை. சூதனுக்கு வேண்டிய நிதானத்தையே அறிவனுக்கும் வைத்துக்கொண்டார். ஆனந்தன் பதறும்போதெல்லாம் மணி குரலைத் தாழ்த்துகிறான். கனல் தெறிக்கும் வசனங்கள் நிறைந்த ஒரு படத்தில், உரத்துப் பேசாமலே சிந்தனையாளன் ஒருவனை அவர் நிலைநாட்டினார். மகபத்கான் வாளெடுத்து நண்பனோடு நின்றான். மணி நண்பன் கையிலிருந்த கத்தியைத் தாழ்த்துவதற்காக உடன்நின்றான். இரண்டும் உடன்நிற்றலே. என் மதிப்பீட்டில் பாலையாவின் முதற்பாதிக் கலைவாழ்வின் முடி இவ்வேடமே.

அதன்பின் வந்த பத்தாண்டுகளில் அவர் ஏற்ற வேடங்கள் பலப்பல. 1954இல் வந்த தூக்குத் தூக்கியில் வடநாட்டுச் சேட்டாகத் தோன்றி, தமிழைச் சிதைத்துப் பேசியே சிரிக்கவைத்தார். தூய உச்சரிப்பில் தேர்ந்த ஒருவராலன்றோ இத்துணை நுட்பமாகப் பிழைபடப் பேச முடியும்! 1956இல் மதுரை வீரன். அதில் அவர் நரசப்பன். மிரட்டவும் செய்வான், அடுத்த நொடியில் நடுங்கவும் செய்வான். வஞ்சகத்துக்குள் கோழைத்தனத்தைக் கலந்து, வெறுப்பையும் சிரிப்பையும் ஒருசேர எழுப்பும் முறையை அவர் இங்கே நிறுவிவிட்டார். அப்படத்தை எடுத்த லேனா செட்டியார்தாம் நம் செஞ்சி மன்னன் கதையை 1960இல் இராஜா தேசிங்கு என்னும் படமாக்கினார் என்பது உள்ளூரார்க்கு உவப்பான செய்தி. 1959இல் பீம்சிங்கின் பாகப்பிரிவினையில் பாலையாவும் எஸ். வி. சுப்பையாவும் உடன்பிறந்தோர். வீட்டின் நடுவே சுவர் எழுந்த பின்னும் அற்றுப்போகாத பாசத்தை அவ்விருவரும் காட்டியது, பங்காளிச் சண்டைகளைப் பார்த்துச் சலித்த ஊர்களில் நன்கு விளங்கியிருக்கும்.

கேட்டலும் ஒரு நடிப்பு

ஐம்பது வயதை எட்டும் நடிகருக்கு வாழ்வு சுருங்கத் தொடங்கும் என்பது பொதுவிதி. பாலையாவுக்கு அவ்வயதில்தான் புதிய வாழ்வு பிறந்தது. 1964இல் ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை வெளிவந்தது. ஆனைமலைப் பக்கத்துச் சின்னமலையில் தோட்டமும் மாளிகையும் கொண்ட செல்வர் விசுவநாதனாக அவர் வருகிறார். தம் மகள்களுக்குப் பணக்கார மாப்பிள்ளை வேண்டும் என்பது அவர் கொள்கை. இரவிச்சந்திரன் ஏற்ற அசோக் என்னும் இளைஞனை வேலையிலிருந்து விரட்டும்போது ஒரு விசுவநாதனைக் காண்கிறோம். அதே அசோக் பெருஞ்செல்வரின் மகன் என நம்பிய பின் அவனை வரவேற்கும்போது வேறொரு விசுவநாதனைக் காண்கிறோம். உடம்பு தானே வளைகிறது. குரலில் தேன் வடிகிறது. பணத்தின்முன் மனிதன் அடையும் மாற்றத்தை இதைவிடக் கூர்மையாக, அதே வேளையில் இதைவிடக் கசப்பின்றி, தமிழ்த் திரையில் வேறெவரும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படத்தில் திரைப்படம் எடுக்கும் ஆசை கொண்ட மகன் செல்லப்பாவாக நாகேஷ் நடித்தார். அவர் தந்தைக்கு ஒரு பேய்க்கதையைச் சொல்லும் காட்சியை அறியாத தமிழர் சிலரே இருப்பர். அக்காட்சியில் பேசுபவர், ஒலி எழுப்புபவர், உடம்பை முறுக்குபவர் எல்லாம் நாகேஷ். பாலையா செய்வது ஒன்றே, கேட்கிறார். முதலில் அலட்சியம். பிறகு மெல்லிய ஆர்வம். அதன்பின் கண்ணில் ஒரு சிறு கலக்கம். இடையிடையே தாம் அஞ்சவில்லை என்று காட்டிக்கொள்ளும் ஒரு முயற்சி. அம்முயற்சியும் தோற்று நாற்காலியில் ஒடுங்கும் அச்சம். நாம் சிரிப்பது நாகேஷின் கதைக்கன்று. அக்கதை பாலையாவின் முகத்தில் நிகழ்வதற்கே. இளைஞரான நாகேஷுக்குக் களத்தை முழுதும் விட்டுக்கொடுத்துவிட்டு, தாம் அதன் விளைவாக மட்டும் அமைந்தார். இந்தத் துணிவு தம் தொழிலில் முழு நம்பிக்கை உடையவர்க்கே வாய்க்கும்.

அடுத்த ஆண்டு, ஏ. பி. நாகராஜனின் திருவிளையாடல். பரஞ்சோதி முனிவர் விறகு விற்ற படலத்தில் பாடிய ஏமநாதன் கதையை நம் தமிழ்த்துறை மாணவர்கள் அறிவர். பாண்டியன் அவைக்கு வந்து, தன்னை வெல்லும் பாணன் இந்நாட்டில் உண்டோ எனச் செருக்குடன் நிற்கும் அவ்விசைவாணன் வேடம் பாலையாவுக்குக் கிட்டியது. பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. இசையமைத்தவர் கே. வி. மகாதேவன். ஆயினும் அவைக்காட்சியைக் காண்பவர்க்கு அக்குரல் மற்றொருவருடையது என்னும் நினைவே எழுவதில்லை. ஒவ்வொரு சங்கதிக்கும் கழுத்து நரம்பும் விரலும் புருவமும் உடன்செல்கின்றன. பாட்டுக்கு வாயசைத்தார் என்று சொல்வது போதாது. பாடுபவனின் ஆணவத்தைத் தாமே உடன்பாடினார் என்று சொல்ல வேண்டும்.

அதைவிட அரியது அதன் மறுபாதி. இரவில் திண்ணையில் கிடக்கும் விறகுக்காரன் பாட்டு காதில் விழுகிறது. பாணபத்திரரால் மாணவனாக ஏற்கப்படாதவன் இவன் என்று கேட்டதும், ஏமநாதனின் முகத்திலிருந்து செருக்கு வழிந்து இறங்குவதைப் பாலையா ஒரு சொல்லும் உரக்கப் பேசாமல் காட்டுகிறார். இங்கும் அவர் கேட்பவரே. காதலிக்க நேரமில்லையில் கேட்டலால் சிரிக்கவைத்தவர், இங்கே கேட்டலால் ஒரு பெரிய வித்துவானின் தோல்வியைப் புரியவைத்தார். ஏமநாதன் தீயவன் அல்லன், கல்வியால் மயங்கியவன். அவன் ஊரைவிட்டுச் செல்லும்போது நமக்கு அவன்மேல் இரக்கம் பிறக்கிறது. கற்றோர் நிறைந்த அவையில் இக்காட்சியைப் போட்டுக் காட்டினால் சிலர் தலைகுனியக் கூடும்; இதை எழுதுபவரும் அவர்களுள் ஒருவர்.

1967இல் இரண்டு தந்தையர். ஊட்டிவரை உறவில், மறைக்க வேண்டிய உண்மையொன்றை மடியில் கட்டிக்கொண்டு திண்டாடும் செல்வந்தர். கே. பாலசந்தரின் பாமா விஜயத்திலோ அதற்கு முற்றிலும் மாறான நடுத்தரக் குடும்பத்து முதியவர். பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவருகிறாள் என்பதற்காக மூன்று மகன்களும் மருமகள்களும் கடன் வாங்கிப் பகட்டு காட்ட, வரவுக்குள் வாழும் நெறியை அவர்களுக்கு உணர்த்தப் பாடுபடுகிறார் அவர். இப்படத்தில் பாலையாவிடம் மிகை என்பது மருந்துக்கும் இல்லை. இவ்விடத்தில் ஒரு செய்தி. காதலிக்க நேரமில்லை 1966இல் இந்தியில் எடுக்கப்பட்டபோது பாலையாவின் வேடத்தை நகைச்சுவையில் தேர்ந்த ஓம் பிரகாஷ் ஏற்றார். பாமா விஜயம் 1968இல் இந்திக்குச் சென்றபோது அதே பாலையாவின் வேடத்துக்கு மேடைப் பேரரசரான பிரிதிவிராஜ் கபூர் தேவைப்பட்டார். தமிழில் ஒருவர் செய்ததை அங்கே இருவேறு இயல்புடைய இருவர் பகிர்ந்துகொண்டனர்.

பக்கவாத்தியம்

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தில்லானா மோகனாம்பாள் 1968இல் படமாயிற்று. நாதசுர வித்துவான் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசன். மோகனாவாகப் பத்மினி. தவில் வித்துவான் முத்துராக்குவாகப் பாலையா. நாதசுரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் அவ்விசைக்கு உடல் கொடுத்தோருள் பாலையாவின் பங்கு பெரிது. தோளும் தலையும் தாளத்தோடு எழுந்து தாழ, நாதசுரக்காரர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் வாசிக்கும் பாங்கு, கோயில் வாசலில் மேளம் கேட்டு வளர்ந்தவர்களையும் ஏமாற்றிவிடும். இரயில் பெட்டியில் நாயகனும் நாயகியும் பார்வையாலேயே பேசிக்கொள்ள, உடன்வரும் முத்துராக்கு அனைத்தையும் அறிந்தும் அறியாதவராய் அமர்ந்திருக்கும் அழகு தனி. சினமும் செருக்கும் மிக்க வித்துவானைச் சில இடங்களில் தாங்கியும், சில இடங்களில் கண்டித்தும், அவர் உடன்நிற்கிறார்.

தவில் எத்துணைச் சிறப்பாக முழங்கினும் கச்சேரி நாதசுரக்காரர் பெயரிலேயே அறிவிக்கப்படும். சுவரொட்டிகளில் பாலையாவின் பெயரும் அவ்வாறே பெரும்பாலும் மற்றொரு பெயருக்குக் கீழே இடம்பெற்றது. அதனால் அவருடைய வாசிப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

1972ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் டி. எஸ். பாலையா காலமானார். ஐம்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு திங்கள் எஞ்சியிருந்தது. அவருடன் 1936இல் ஒரே படத்தில் அறிமுகமான இராமச்சந்திரன் ஐந்தாண்டுகள் கழித்துத் தமிழகத்தின் முதலமைச்சரானார். தந்தையின் பெயரையே தம் பெயராகக் கொண்டு நடித்த மைந்தர் ஜூனியர் பாலையா 2023ஆம் ஆண்டு நவம்பரில் மறைந்தார்.

மாணவர் விழாக்களில் அந்தப் பேய்க்கதைக் காட்சி இன்றும் நடித்துக் காட்டப்படுகிறது. கதை சொல்லும் செல்லப்பா வேடத்துக்கு ஐந்தாறு பேர் போட்டியிடுவர். எதிரே நாற்காலியில் அமர்ந்து கேட்பதற்கு ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.